வளரும் கண்ணில் வைத்த குழாய்

ஹோமரின் காவியத்தில் தேவி ஹீராவுக்கு அடிக்கடி வந்து சேரும் அடைமொழி, பசுவின் விழியுடையாள் என்பது. அகன்று, நீர்மையுடன், அமைதியாகப் பார்க்கும் கண்களை அக்கவி அப்படிப் போற்றினான். கிரேக்கத்தில் பசுவுக்கும் எருதுக்கும் ஒரே சொல்தான். அதே சொல்லைக் கொண்டு பின்னாளைய மருத்துவம் ஒரு நோய்நிலைக்குப் பெயரிட்டது: பூஃப்தால்மாஸ், அதாவது எருதுக்கண். கவிதையில் அழகாக நின்ற உவமை மருத்துவத்தில் ஆபத்தின் அடையாளமாயிற்று. மான்விழி, கயல்விழி என்று பெண்மக்களுக்குப் பெயர்சூட்டி மகிழும் நமக்கும் இந்த முரண் அந்நியமானதன்று. தொட்டிலில் கிடக்கும் சிசுவின் கண்கள் வழக்கத்தைவிடப் பெரிதாயிருந்தால் வீட்டுக்கு வருவோர் போவோரெல்லாம் அதைப் புகழ்ந்துவிட்டுத்தான் செல்வார்கள். கண்ணில் ஓயாமல் நீர் வடிவதும், வெளிச்சம் பட்டால் குழந்தை முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொள்வதும் பிறகுதான் கவனத்துக்கு வரும்.

பிறவிக் கண் அழுத்த நோய், அதாவது பிறவிக் கிளாக்கோமா, பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது. கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் இடைவிடாது ஊறுகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு துளி நீர் ஊற அரைமணி நேரத்துக்கு அருகில் ஆகலாம். கருவிழியைச் சுற்றிய கோணத்தில் சல்லடை போன்றதொரு திசு இருக்கிறது. ஊறிய நீர் அதன் வழியே வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்தச் சல்லடை சரியாக உருவாவதில்லை. வரத்து நிற்காத ஏரியில் மதகு அடைபட்டால் என்ன நடக்குமோ அதுவே கண்ணிலும் நடக்கிறது. பெரியவர்களின் விழிச்சுவர் விறைப்பானது, அழுத்தம் ஏறினாலும் கண்ணின் உருவம் மாறாது. ஏறத்தாழ மூன்று வயது வரையிலும் குழந்தையின் விழிச்சுவர் நெகிழ்வானது. ஆகவே கண்ணே பெருக்கிறது. பிறந்த குழந்தையின் கார்னியா 10 மில்லிமீட்டர் அளவு விட்டம் கொண்டது. முதல் ஆண்டிலேயே அது 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர் கவலைகொள்வார். பின்புறத்திலோ பார்வை நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கும். அது நசுங்கிய மட்டும் இழப்புதான், திரும்ப வராது.

மேலைநாடுகளில் 10,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் இந்நோய், ஆந்திரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 3,300 பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்கிடப்பட்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேரும்போதே பெரும்பாலும் நோய் வெளிப்படுகிறது. உறவுக்குள் மணம்புரியும் சமூகங்களில் இது மிகுவதற்குக் காரணம் அதுவே. மாமன் மகள், அத்தை மகன் என்று பந்தம் பேசும் நம் ஊர்களையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்நோய்க்கான அறுவைச் சிகிச்சையின் வரலாற்றைக் கண்டுபிடித்தவர்களின் வரிசையாகச் சொல்வதே வழக்கம். இன்னார் இன்ன ஆண்டில் இதைச் செய்தார், அடுத்தவர் அதை மேம்படுத்தினார் என்று அது செல்லும். நாம் இங்கே அதைப் பின்விளைவுகளின் பக்கமிருந்து சொல்ல விழைகிறோம். கண்ணுக்குள் குழாய் பொருத்தும் சிகிச்சையில் அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு திருத்தமும் முந்தையதொரு சிக்கலுக்கு மறுமொழியாகவே பிறந்தது. பிறந்த கையோடு வேறொரு சிக்கலையும் அது பெற்றெடுத்தது. அந்தச் சிக்கல்களின் முழுப் பாரமும் வந்து இறங்கிய இடம் குழந்தைகளின் கண்களே.

1938-இல் சான்பிரான்சிஸ்கோவின் ஓட்டோ பார்க்கன், கோணத்தை ஆடியின் வழியே நேரில் பார்த்தபடி சல்லடைத் திசுவை நுண்கத்தியால் கீறிவிடும் கோனியோடமி முறையை முன்வைத்தார். இத்தாலியரான டி வின்சென்டீஸ் 1890-களிலேயே ஏறத்தாழ இதைச் செய்திருந்தார். ஆனால் பாராமலே கீறும் முறையாயிருந்ததால் அது வழக்கொழிந்து போயிருந்தது. அதுவரை இந்நோயுற்ற குழந்தைகளுள் மிகப் பலருக்குப் பார்வையின்மையே விதியாக இருந்தது. பார்க்கன் அவ்விதியை மாற்றினார் என்று சொல்வதில் மிகையில்லை. இன்றளவும் முதலில் செய்யப்படுவது கோணத்தைத் திறக்கும் இவ்வகைச் சிகிச்சைதான். குழாய்க்கு வந்து சேரும் குழந்தை அவை தோற்றுப்போன குழந்தை. அல்லது பிறவிப் புரையை நீக்கியபின் அழுத்தம் ஏறிய குழந்தை, அல்லது கண்ணின் அமைப்பே மாறிப் பிறந்த குழந்தை. இதை மனத்தில் இருத்திக்கொண்டே மேற்கொண்டு வரும் எண்களைப் படிக்க வேண்டும்.

கோணத்தைச் சீர்செய்ய இயலாதபோது விழிச்சுவரில் புதிதாக ஒரு வழி திறப்பதே மாற்று. இவ்வகையில் புகழ்பெற்றதொரு சிகிச்சை சென்னையில் பிறந்தது. 1819-இல் நிறுவப்பட்ட அரசுக் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட், விழிச்சுவரில் வட்டமாகத் துளையிட்டு நீரை மேற்சவ்வின் அடியில் வடியவிடும் முறையை 1909-இல் தொடங்கினார். உலகெங்கும் அது அவர் பெயராலேயே வழங்கியது. (இதே எலியட்தான் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியபின், இந்தியக் கயிற்று வித்தை வெறுங்கதை என்று நிறுவுவதில் மும்முரமானவர்.) துளை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதன்மேல் குமிழாக எழும்பிய மேற்சவ்வு நாளடைவில் மெலிந்தது. மெலிந்த இடத்தின் வழியே பல ஆண்டுகள் கழித்தும் கிருமி உள்ளே புகுந்தது. வேறு சிலருக்குத் துளையே தழும்பேறி மூடிக்கொண்டது.

துளை மூடாமலிருக்க அதில் எதையேனும் செருகி வைத்தால் என்ன? கேள்வி எளிது. 1906, 1907 ஆகிய ஆண்டுகளில் பிரெஞ்சு மருத்துவர் ரோலே, முன்னறைக்குள்ளிருந்து வெளியே குதிரைமயிரை இழுத்துவிட்டு அதன் ஓரமாக நீர் கசியும்படி செய்தார். 1912-இல் இங்கிலாந்தின் ஸோராப் பட்டுநூலைப் பயன்படுத்தினார். பிறகு தங்கம், பிளாட்டினம், டாண்டலம், கண்ணாடி, பிளாஸ்டிக் என்று அடுத்த அரை நூற்றாண்டு கழிந்தது. பொருள் மாறியதே தவிர முடிவு மாறவில்லை. உள்முனை திறந்தேயிருக்க, வெளிமுனையைச் சுற்றி உடல் தழும்பை எழுப்பி அடைத்தது. சிலருக்கு நூலே வெளியே தள்ளப்பட்டது.

இந்த முட்டுச்சந்திலிருந்து வழி கண்டவர் தென்னாப்பிரிக்காவின் ஆண்டனி மோல்டீனோ. 1969-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படை, நம் நோக்கில், இவ்வரலாற்றிலேயே மிகச் சிந்தனைச் செறிவுள்ள இடம். தழும்பை எவரும் தடுக்க முடியாது, ஆனால் அது எவ்வளவு பரப்பில் அமையவேண்டும் என்பதை நாம் நிர்ணயிக்கலாம் என்று அவர் கண்டார். குழாயின் வெளிமுனையில் ஒரு சிறு அக்ரிலிக் தகட்டைப் பொருத்தினார். தகட்டைச் சுற்றி உடல் உறை எழுப்பும், அந்த உறைக்குள் நீர் தேங்கும், உறையின் சுவர் வழியே மெல்ல மெல்லக் கசியும். பகையாயிருந்த தழும்பே இப்போது மதகாயிற்று. முதல் தகடு கருவிழியின் ஓரத்திலேயே வைக்கப்பட்டதால் துருத்திக்கொண்டும் வெளித்தெரிந்தும் தொல்லை தந்தது. எனவே 1970-களில் அவர் நீண்ட குழாயைப் பொருத்தித் தகட்டைக் கண்ணின் பின்புறத்துக்கு, விளிம்பிலிருந்து 9, 10 மில்லிமீட்டர் தள்ளி நகர்த்தினார். குழந்தைகளுக்கு இதைச் செய்த அனுபவத்தை 1973-லேயே வெளியிட்டார். இன்று உலகில் பயன்படும் தகட்டுக் கருவிகள் அனைத்தும் அந்த வடிவின் வழித்தோன்றல்கள்தாம்.

சிக்கல் எங்கே வந்தது? உறை உருவாகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை குழாய் தடையற்ற வாய்க்கால். நீர் முழுதும் வடிந்து கண் தளர்ந்துவிடும். முன்னறை தட்டையாகும், விழிச்சுவரின் உட்படலம் பிரிந்து எழும், மோசமான தருணங்களில் அதனடியில் இரத்தப்போக்கும் நேரும். மோல்டீனோ முதலில் இரண்டு கட்டமாகச் செய்து பார்த்தார்: தகட்டை மட்டும் தைத்துவைத்து, வாரங்கள் கழித்துக் குழாயை உள்ளே செலுத்துவது. குழந்தையைப் பொறுத்தவரை இதற்கு இரண்டு மயக்க மருந்து என்று பொருள். பின்னர் 1980-களில், கரையும் நூலால் குழாயை இறுகக் கட்டிவிடும் உத்தி வந்தது. நூல் ஐந்தாறு வாரங்களில் கரைந்தவுடன் குழாய் திறக்கும். இன்னொரு பக்கம் 1976-இல் குரூப்பின், 1993-இல் மதீன் அகமது ஆகியோர், குறித்த அழுத்தத்துக்கு மேல் மட்டுமே திறக்கும் வால்வுகளை அமைத்தனர். அகமது வால்வு அழுத்தத்தை அன்றே இறக்கியது, கண் தளர்வதும் குறைந்தது. ஆனால் சில வாரங்களில் உறை தடித்து அழுத்தம் மீண்டும் ஏறும் கட்டம் அதில் கூடுதலாகத் தெரிந்தது. வால்வற்ற பெரிய தகடான பேர்வெல்ட் கருவி நீண்டகால அழுத்தக் குறைப்பில் சற்று முந்தியது. ஆனால் தகடு கண்தசைகளின் அடியில் போவதால் கண் அசைவு பாதிக்கப்பட்டு மாறுகண் தோன்றியது. தகட்டில் துளைகள் இட்டு உறையின் உயரத்தைக் குறைத்தார்கள். ஒன்றை அழுத்தினால் மற்றொன்று எழுந்தது.

இதுவரை சொன்னவை பெரியவர்களுக்கும் பொது. குழந்தையின் கண்ணோ தனி உலகம், ஏனெனில் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. பிறக்கும்போது 17 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் கண்ணின் நீளம் வளர்ந்து முடிகையில் 23, 24 ஆகிறது. அவ்வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் இரண்டாண்டுகளிலேயே நிகழ்கிறது. விழிச்சுவர் வளர, அதில் தைத்த தகடும் நகர, குழாயின் முனை பின்வாங்கி முன்னறையிலிருந்தே வெளியேறிவிடலாம். மறுபுறம், அழுத்தத்தால் உப்பியிருந்த கண் சிகிச்சைக்குப்பின் தளரும்போது குழாய் முன்னோக்கித் திரும்பி கார்னியாவின் உட்பரப்பைத் தொடலாம். அப்பரப்பின் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் உண்டாவதில்லை. எழுபது வயதுக்காரரின் கார்னியாவில் மெல்லத் தேயும் அணுக்கள் அவருடைய ஆயுளுக்குப் போதுமானவையாக இருக்கக்கூடும். இரண்டு வயதுக் குழந்தைக்கு இன்னும் எழுபது ஆண்டுகள் அவை வேண்டும். குழாய் லென்ஸைத் தொட்டால் புரை. கருமணியை இழுத்தால் அதன் வட்டம் கோணலாகும்.

அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் பெக்கும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஒப்பீடு இவ்விஷயத்தில் ஊன்றிப் படிக்கத்தக்கது. முதல் இரண்டு வயதுக்குள் குழாய் பொருத்தப்பட்ட 46 கண்களையும், மைட்டோமைசின் மருந்துடன் டிரபெக்குலெக்டமி செய்யப்பட்ட 24 கண்களையும் அவர்கள் நிறுத்திப் பார்த்தனர். ஓராண்டில் வெற்றி குழாய்க்கு 87 விழுக்காடு, மற்றதற்கு 36. ஆறாண்டுகளில் 53, 19. குழாயின் பக்கமே தீர்ப்பு என்று இவ்வெண்கள் சொல்கின்றன. ஆனால் அதே கட்டுரையில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: குழாய் வைத்த கண்களில் 45.7 விழுக்காட்டுக்குச் சிக்கலைச் சரிசெய்ய மேலும் அறுவை தேவைப்பட்டது, மற்ற பிரிவில் 12.5 விழுக்காட்டுக்கே. அந்த மறு அறுவைகளுள் மிகுதியானவை இடம்பெயர்ந்த குழாயைச் சீர்செய்யவே நடந்தன. இரண்டு எண்களும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொன்னால்தான் பெற்றோரிடம் உண்மை சொன்னதாகும் என்பது நம் எண்ணம்.

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது குழாய் வெளித்தெரிவது. குழாயின்மேல் தானமாகப் பெற்ற விழிச்சுவர்த் துண்டையோ கார்னியாவையோ பதித்து, அதன்மீது மேற்சவ்வை இழுத்துத் தைப்பார்கள். காலப்போக்கில் அத்துண்டு கரையலாம், மேற்சவ்வு அரிக்கப்படலாம். குழந்தை கண்ணைக் கசக்கும், விழும், மணலில் விளையாடிய கையை அப்படியே கண்ணுக்குக் கொண்டுபோகும். வெளித்தெரிந்த குழாய் கிருமிகளுக்கு நேர்வழி. அது கண்ணின் உட்புறத்தைச் சீழ்ப்பிடிக்க வைத்தால் சில நாட்களிலேயே பார்வை போய்விடக்கூடும். ரியாத்தின் மன்னர் காலித் கண் மருத்துவமனையிலிருந்து 2005-இல் வந்த ஆய்வு, அகமது வால்வு வைத்த குழந்தைகளிடம் இத்தொற்று பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. இது முதல் வாரத்தில்தான் வருமென்பதில்லை. மாதங்கள், ஆண்டுகள் கழித்தும், எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு நம்பியிருக்கும் வேளையிலும் வரும்.

இவ்விடத்தில் ‘வெற்றி’ என்னும் சொல்லைச் சற்று உரசிப் பார்க்கலாம். பெரும்பாலான ஆய்வுகளில் வெற்றியின் இலக்கணம் அழுத்தம்தான்: 5 அல்லது 6 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கவேண்டும், அழுத்தத்துக்காக இன்னோர் அறுவை தேவைப்பட்டிருக்கக் கூடாது, ஒளியுணர்வு அற்றுப்போயிருக்கக் கூடாது. இவ்விலக்கணப்படி கைவிரலை மட்டும் காணும் கண்ணும் வெற்றியே, கரும்பலகையைப் படிக்கும் கண்ணும் வெற்றியே. அழுத்தம் அடங்கிய பிறகும் கார்னியாவின் தழும்பு, மிகுந்த கிட்டப்பார்வை, இரு கண்களுக்கிடையிலான அளவு வேறுபாடு ஆகியவற்றால் மூளை ஒரு கண்ணை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்று நாம் சொல்வது அதைத்தான். கண்ணாடியும், நல்ல கண்ணை மூடிவைத்து மற்றதைப் பழக்கும் அன்றாடப் போராட்டமும் அறுவையளவுக்கே முக்கியமானவை. பத்திரிகைக் கட்டுரைகளின் வெற்றிக் கணக்கில் இந்தப் போராட்டத்துக்கு இடமில்லை.

சான்றுகளின் நிலையும் அப்படியே. குழாயையும் டிரபெக்குலெக்டமியையும் ஒப்பிட்ட புகழ்பெற்ற அமெரிக்க, பிரிட்டிஷ் கூட்டாய்வு தன் ஐந்தாண்டு முடிவுகளை 2012-இல் வெளியிட்டது. சீட்டுக் குலுக்கல்போல நோயாளிகளைப் பிரித்து நடத்தப்பட்ட முறையான ஆய்வு. அதில் சேர்ந்தவர்களின் வயது 18 முதல் 85. இரு கருவிகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளும் வளர்ந்தவர்களையே எடுத்துக்கொண்டன. குழந்தைகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, அந்தந்த மருத்துவமனை தன் பழைய ஏடுகளைப் புரட்டிப்பார்த்துச் சொன்னவை. குழந்தையின் கண்ணில் அழுத்தம் பார்க்கவே பல வேளைகளில் மயக்க மருந்து வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு நீண்ட நேரமோ திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து தருவது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. சோதிக்காவிட்டால் கண்ணுக்குக் கேடு, சோதித்துக்கொண்டே இருந்தால் அந்த அச்சம். மருத்துவர்கள் இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு முறையும் கணக்குப் போடுகிறார்கள்.

இன்னொரு பின்விளைவு பாடநூல்களில் அவ்வாறு வகைப்படுத்தப்படுவதில்லை: விலை. இறக்குமதியான வால்வும் தகடும் இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டாதவையாக இருந்தன. ஒரு கருவி தோற்றால் இரண்டாவது தேவைப்படும் நோயில், பணமின்மையே பார்வையைப் பறித்த நிகழ்வுகள் உண்டு. மருத்துவர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் உற்பத்திப் பிரிவாக 1992-இல் எழுந்தது ஆரோலேப். உள்விழி லென்ஸின் விலையை அது எவ்வாறு தரையிறக்கியது என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அங்கிருந்தே 2013-இல், பேர்வெல்ட் கருவியைப் பின்பற்றிய 350 சதுர மில்லிமீட்டர் சிலிக்கோன் தகடு, இறக்குமதிக் கருவிகளைவிட மிகக் குறைந்த விலையில் வந்தது. சண்டிகர், மதுரை முதலிய இடங்களில் குழந்தைகளுக்கு அதைப் பொருத்திய அனுபவங்கள் ஆய்விதழ்களில் வெளியாகியுள்ளன. அழுத்தம் நன்கு குறைந்ததையும், குழாய் சார்ந்த பழைய சிக்கல்கள் தொடர்வதையும் அவை ஒருசேரப் பதிவு செய்கின்றன.

அதில் வால்வு இல்லை. மோல்டீனோவின் காலத்துக் கரையும் நூலையே அதன் குழாயிலும் கட்டுகிறார்கள். முதல் வாரங்களில் அழுத்தம் இறங்கியிருக்காது, சொட்டுமருந்து தொடரும். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் ஏதோ ஒரு நாள் நூல் விடும். அந்நாளில் கண் திடீரெனத் தளரலாம், முன்னறை தட்டையாகலாம். அப்போது குழந்தை மருத்துவமனையில் இருப்பதில்லை, பல மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் தன் ஊரில் இருக்கிறது. தந்தைக்கு அது கூலி போகும் நாள். ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போதே மருத்துவர்கள் அந்த வாரத்தைக் குறித்துக் கொடுத்து, கண் சிவந்தாலும், குழந்தை திடீரென வெளிச்சத்துக்கு அஞ்சினாலும், சோர்ந்து வாந்தியெடுத்தாலும் குறித்த நாள்வரை காத்திராமல் புறப்பட்டு வரும்படி தாயிடம் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.